நம்ம ஊர் ஈரத்தில் பயறு முளைகட்டுவது எப்படி?

முதல் தடவை நான் சிறுபயறு முளைகட்டியது ஒரு ஆனி மாதத்தில். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. எதிலோ படித்ததை நம்பி, ஊறவைத்த பயறை ஈரத் துணியில் கட்டி, பாத்திரத்துக்குள் வைத்து இறுக்க மூடிவிட்டு, மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் தொடவே வேண்டாம் என்றுதான் அதில் போட்டிருந்தது. திரும்பி வந்து மூடியைத் திறந்தால் புளித்த கஞ்சி வாடை. துணியைப் பிரித்தால் நூல் நூலாக இழுக்கிறது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "மக்ளே, நீ பயற முளைக்க வைக்கல்ல, முக்கிக் கொன்னுருக்க" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். குமரி மாவட்டத்தில் பயறை முளைக்க வைக்க நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலான நாட்களில் வீட்டுக்குள் 26 முதல் 32 டிகிரி வரை சூடு, அதோடு கடல் பக்கத்து ஈரக்காற்று. பயறுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குளிர் ஊர்க்காரர்கள் மூன்று நாள், நாலு நாள் என்று எழுதுவது அவர்கள் வீட்டுச் சூட்டுக்குச் சரி. இங்கே ஊறவைத்து வடித்த 24 மணி நேரத்தில் சிறுபயறு சாப்பிடும் பருவத்துக்கு வந்துவிடும். நம் வேலை அதை அழுகாமல் காப்பது மட்டும்தான். தண்ணீர் தேங்கக் கூடாது, காற்று நுழைய வேண்டும், அடிக்கடி அலச வேண்டும். கீழே நான் எழுதியிருப்பது எல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

வாங்கும்போது

முழுப் பயறுதான் முளைக்கும். உடைத்த பருப்பு, தோல் நீக்கிய பாசிப்பருப்பு எதுவும் முளைக்காது. முதல் முறை செய்கிறவர்கள் சிறுபயறில் தொடங்குங்கள் (வடக்கே போனால் பச்சைப்பயறு, பாசிப்பயறு என்பார்கள்). தப்பு செய்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் பயறு அது.

வடசேரிச் சந்தையிலோ திங்கள்சந்தையிலோ வாங்கும்போது ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். ஓட்டை விழுந்தது, சுருங்கியது, பாதி உடைந்தது நிறைய இருந்தால் வேண்டாம். உடைந்த பயறு முளைக்காது, அது பரவாயில்லை. ஆனால் முதலில் அழுகுவது அதுதான், கூட இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். நான் முதலில் கால் கிலோ மட்டும் வாங்கி, 25 பயறை எண்ணி ஊறவைத்துப் பார்ப்பேன். இருபதுக்கு மேல் முளை விட்டால் அதே கடையில் கூடுதலாக வாங்குவேன். பளபளவென்று இருக்கும் பயறு பழைய சரக்காகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது, முளைத்துக் காட்டினால்தான் உண்டு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். விதைக்கடையில் விதைப்பதற்கென்று விற்கிற பயறை வாங்கி முளைகட்டிச் சாப்பிடக் கூடாது. பூசணம் பிடிக்காமலிருக்க மருந்து கலந்து விதைநேர்த்தி செய்திருப்பார்கள். சிவப்பு, நீலம் என்று சாயம் ஒட்டியிருக்கும். கழுவினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். மளிகைக் கடைப் பயறு போதும்.

ஊறவைப்பது

நாலு பேர் வீட்டுக்கு 100 கிராம் போதும், கிட்டத்தட்ட அரை டம்ளர். முளைத்து வரும்போது இரண்டு மடங்குக்கு மேல் எடை இருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, ஆசையில் அரைக் கிலோவைப் போட்டுவிடுவது. பயறு குவியலாகக் கிடந்தால் நடுவில் சூடேறும். கையை உள்ளே விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சூட்டில்தான் அழுகல் தொடங்குகிறது.

கல், மண் பொறுக்கிவிட்டு மூன்று நாலு தடவை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மிதப்பதை அள்ளிக் கொட்டிவிடுங்கள். பிறகு பயறைப்போல நாலு மடங்கு தண்ணீர் ஊற்றி ஊறவையுங்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் கொதிக்க வைத்து ஆறவைத்தது நல்லது. மழைக்காலத்தில் கிணறு கலங்கிக் கிடக்கும்போது இதில் சோம்பல் வேண்டாம்.

சிறுபயறுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். ராத்திரி ஒன்பதரைக்குப் போட்டால் காலை ஐந்தரைக்கு வடித்துவிடலாம். பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். விதைக்கும் மூச்சு உண்டு, அதிக நேரம் தண்ணீருக்கு அடியிலேயே கிடந்தால் காற்றில்லாமல் திணறும். மேலே நுரை கட்டியிருந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். லேசான நுரை என்றால் அலசினால் போய்விடும். புளிப்பு வாடையும் சேர்ந்திருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். 100 கிராம் பயறுதானே.

எதில் வைப்பது

துணி மூட்டை எல்லோருக்கும் தெரிந்தது. பழைய துவர்த்து (துண்டு) ஒன்றைக் கொதிநீரில் போட்டெடுத்து, பிழிந்து, அதில் பயறைத் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுவது. மாசி, பங்குனி வெயிலில் இது அருமையாக வேலை செய்யும். மழைக்காலத்தில் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கொடியில் போட்ட துணியே மூன்று நாள் காயாமல் முடைநாற்றம் அடிக்கிற காலத்தில், பயறை அதே துணியில் சுற்றி வைப்பானேன்?

நான் பெரும்பாலும் பயன்படுத்துவது பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். வாய் அகலமான எந்தக் கண்ணாடி பாட்டிலும் ஆகும். பாட்டிலைக் கொதிநீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஊறிய பயறைப் போடுங்கள். கால் பாகத்துக்கு மேல் வேண்டாம், முளை வந்தால் பொங்கி நிரம்பும். வாயில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். அலசத் தண்ணீர் ஊற்றுவதும் வடிப்பதும் அந்தத் துணி வழியாகவே நடக்கும், திறக்கவே வேண்டாம். வடித்த பிறகு பாட்டிலைத் தலைகீழாக, கொஞ்சம் சாய்த்து, ஒரு கிண்ணத்தில் நிறுத்தி வையுங்கள். மிச்சமிருக்கும் நீர் சொட்டிக் கீழே இறங்கும். சொட்டிய நீரை அவ்வப்போது கொட்டிவிட வேண்டும். பாட்டிலின் வாய் அந்த நீரில் முங்கியிருந்தால் காற்று அடைபட்டுவிடும்.

பாட்டில் இல்லாவிட்டால் சாதம் வடிக்கிற ஓட்டைத் தட்டு. அதில் இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பயறைப் பரப்பி, மேலே ஈரத் துணி. பெரும்பயறு, கொண்டைக்கடலை போல பெரிய வகைகளுக்குப் பாட்டிலைவிட இதுதான் தோது.

மூன்றாவது சிரட்டை. சின்ன வீட்டுக்கு இதைப்போல அழகான பாத்திரம் கிடையாது. தேங்காயை உடைக்கும்போது கண் இருக்கிற பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மென்மையாக இருக்கும், ஆணியால் குத்தினால் பொசுக்கென்று உள்ளே போகும். சிரட்டைப் புட்டுக்கு ஆவி ஏறுவது அந்த வழியாகத்தான். நமக்கு அதே வழியில் தண்ணீர் இறங்க வேண்டும். துருவியபின் ஒட்டியிருக்கும் தேங்காயைக் கத்தியால் சுரண்டி, வெளிநாரை உரசி எடுத்து, பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைத்துக் காயவையுங்கள். உள்ளே தேங்காய்ப் பிசிறு இருந்தால் அதுதான் முதலில் சிக்கெடுக்கும். ஊறிய பயறைப் பாதி வரை போட்டு, ஒரு டம்ளரின் வாயில் சிரட்டையை உட்காரவைத்து, இன்னொரு பாதிச் சிரட்டையால் மூடுங்கள். இறுக்க மூடாது, அதுதான் வேண்டும். அலசும்போது மேலே ஊற்றினால் கண் வழியாகக் குழாய் போல ஒழுகிப் போகும். ஒருவருக்கு, மிஞ்சினால் இருவருக்குப் போதும். நாலைந்து முறைக்குப் பிறகு அந்தச் சிரட்டையை அடுப்புக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக எடுங்கள். தேங்காய்க்கா இங்கே பஞ்சம்?

அலசுவது

சிறுபயறின் ஒரு நாளை அப்படியே சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு ஊறிய தண்ணீரை வடித்து, தெளிந்த நீர் வரும்வரை அலசிப் பாட்டிலைச் சாய்த்து வைத்தாயிற்று. மதியம் ஒரு மணிக்கு ஒரு அலசல். இந்நேரம் தோல் கீறிக்கொண்டு ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். மாலை ஏழு மணிக்கு மறுபடி, அப்போது வால் போல நீண்டிருக்கும். படுக்கப் போகுமுன் ஒன்று. மறுநாள் காலை அரை அங்குலத்துக்குப் பக்கத்தில் முளை. அவ்வளவுதான், எடுத்துவிடலாம்.

வேலைக்குப் போகிறவர்கள் மதிய அலசலை விட்டுவிடலாமா? சிறுபயறு என்றால், நன்றாக வடித்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுப் போனால், எட்டு மணி நேரம் தாங்கும். மற்றப் பயறுகளை நீங்கள் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அலசுவதைவிட முக்கியம் வடிப்பது. ஊற்றிக் கொட்டிவிட்டு உடனே நேராக நிமிர்த்தி வைத்தால் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கும். அதில் கிடக்கும் அடிவரிசைப் பயறுதான் முதலில் கொழகொழப்பாகும். நான் இரண்டு தடவை உதறி, பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை உதறுவேன்.

நேர் வெயிலில் வைக்க வேண்டாம். வெளிச்சம் அதிகம் பட்டால் இலைப்பகுதி பச்சை கட்டும், லேசாகக் கசக்கும். அதற்காக இருட்டறையும் தேவையில்லை. ஒன்றரை நாள் விவகாரம்தானே, சமையலறை மேடையில் ஒரு ஓரம் போதும், அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

நம் மாவட்டத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று காற்றாலைக்கே போதுமானது, ஆடியில் சன்னலைத் திறந்து வைத்தால் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்து பயறும் வதங்கிவிடும். அங்கே அலசுவது ஈரம் கொடுப்பதற்கு. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழையும் ஈரமும் கூடுதல். அங்கே அலசுவது கொழகொழப்பைக் கழுவிச் சூட்டைத் தணிப்பதற்கு. ஒரே வேலைதான், காரணம் வேறு. மலையோரத்தில் இருப்பவர்கள் துணியை மறந்துவிட்டுப் பாட்டிலோ ஓட்டைத் தட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டுவிட்டதா என்று பார்ப்பது

முளையின் வேரைச் சுற்றிப் பஞ்சுபோல வெள்ளையாக இருந்தால் உடனே பயந்து கொட்ட வேண்டாம். அது வேர்த்தூவியாக இருக்கலாம். வேரை ஒட்டி மட்டும் இருக்கும், தண்ணீர் ஊற்றி அலசினால் படிந்து மறைந்துவிடும். பூசணம் அப்படியில்லை. பயறுக்குப் பயறு சிலந்தி வலை போலப் படர்ந்திருக்கும், அலசினாலும் போகாது, பழைய சாக்கு வாடை அடிக்கும். நல்ல முளைப்பயறில் பச்சை அவரைக்காயை ஒடித்தால் வருமே, அந்த வாசம் இருக்கும். வழுவழுப்பு, புளிப்பு வாடை, பழுப்பேறிய முளை, இதில் எது இருந்தாலும் தென்னை மூட்டுக்குப் போட்டுவிடுங்கள். கெட்டதை மட்டும் பொறுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற சிக்கனம் இதில் வேண்டாம்.

பச்சையாகச் சாப்பிடலாமா?

எல்லோரும் கேட்பது இது. சுத்தி வளைக்காமல் சொல்கிறேன். பயறு முளைக்கத் தேவையான சூடும் ஈரமும்தான் கிருமி பெருகவும் தேவை. விதையின் மேலே கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் கிருமி, முளைகட்டும் ஒரு நாளில் பல மடங்காகிவிடும். வாடை நன்றாக இருக்கிறது என்பதால் கிருமி இல்லை என்று ஆகாது. 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமியால் ஒரு பெரிய நோய் பரவியது. நாலாயிரம் பேர் வரை நோயில் விழுந்தார்கள், ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். தேடிக்கொண்டே போனபோது கடைசியில் கைகாட்டப்பட்டது வெந்தய முளை.

அதனால் கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பச்சையாகக் கொடுக்காதீர்கள், நன்றாக வேகவைத்தே கொடுங்கள். ஆரோக்கியமான பெரியவர்கள் பச்சையாகச் சாப்பிடுவது அவரவர் துணிவு. கொதிநீரில் முக்கியெடுத்தால் கிருமி குறையும், முழுக்கப் போய்விடும் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் இட்லித் தட்டில் துணி விரித்து, ஆவி நன்றாகக் கிளம்பியபின் ஐந்தாறு நிமிடம் வைப்போம். பயறு உள்ளே வரை சூடேறி வெந்திருக்கும், மொறுமொறுப்பும் கொஞ்சம் மிஞ்சும்.

வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடாதா என்பார்கள். வைட்டமின் சி கொஞ்சம் குறையும், உண்மைதான். காய்ந்த பயறில் அது அநேகமாகக் கிடையாது, முளைக்கும்போதுதான் உண்டாகிறது. 1919இலேயே லண்டனில் ஹாரியட் சிக், மரியன் டெல்ஃப் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, முளைவிட்ட விதை, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்கிறது, காய்ந்த விதை தடுப்பதில்லை என்று எழுதினார்கள். ஆனால் முளைகட்டுவதில் கிடைக்கிற லாபம் அது ஒன்று மட்டுமில்லை. வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகள் குறைகின்றன, இரும்பு போன்ற சத்துகளைப் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலமும் குறைகிறது. வைட்டமின் சி-க்கு மேலே ஒரு எலுமிச்சை பிழிந்தால் தீர்ந்தது.

மற்றப் பயறுகள்

காணம்: கொள்ளு என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். கல் நிறைய இருக்கும், காணத்தைப் போலவே இருக்கும், பொறுமையாகப் பொறுக்க வேண்டும். ஊற 12 மணி நேரம், முளைக்க ஒன்றரை நாள். என் அனுபவத்தில் இந்த ஈரத்தில் லேசில் அழுகாத பயறு இதுதான். எவ்வளவு ஊறினாலும் சில மணிகள் கல்லாகவே நிற்கும், பல்லில் பட்டால் தெரியும். முளைத்தபின் ஒரு தட்டில் பரப்பி, ஊதாமல் சின்னதாகக் கிடப்பவற்றைப் பொறுக்கிவிடுங்கள். காணத்தைப் பச்சையாகச் சாப்பிட நான் சொல்ல மாட்டேன், வேகவைத்தால்தான் ருசி.

பெரும்பயறு (தட்டைப்பயறு): 8 மணி நேரம் ஊறினால் போதும். சீக்கிரம் கொழகொழக்கும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அலசியே ஆக வேண்டும். முளை தலைகாட்டியதும் எடுத்துச் சமைத்துவிடுங்கள்.

கொண்டைக்கடலை: 12 மணி நேரம் ஊறல், பிறகு ஒன்றரை முதல் இரண்டு நாள். கறுப்பு வகை வெள்ளையைவிட நன்றாக வரும்.

வெந்தயம்: இரண்டு தேக்கரண்டி போதும். வழவழப்பு இயற்கையிலேயே உண்டு, அதைக் கெட்டதாக நினைக்க வேண்டாம், ஆனால் கூடுதலாக அலசுங்கள்.

முளைகட்டிப் பச்சையாகத் தின்னவே கூடாத பயறுகளும் உண்டு. ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சு இருக்கிறது. வேகாத நாலைந்து பயறே வாந்தி எடுக்க வைத்துவிடும். முளைகட்டினாலும் அது போகாது, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுக் கொதிக்கக் கொதிக்க நன்றாக வேகவைத்தால்தான் போகும். மொச்சையிலும் பட்டர் பீன்ஸிலும் சயனைடைக் கிளப்பும் பொருள் உண்டு. மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) அவித்து நீரை வடித்துவிட்டுத் தின்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை, விஷயம் அதேதான்.

தட்டுக்கு வரும்போது

ஆவியில் வைத்தெடுத்த சிறுபயறு முளை ஒரு கிண்ணம், பொடியாக அரிந்த சின்ன உள்ளி (வெங்காயம்) நாலு, புளிப்பு மாங்காய் ஒரு துண்டு, இரண்டு பிடி தேங்காய்த் துருவல், இடித்த நல்லமிளகு. எல்லாவற்றையும் கலந்து வைத்துவிட்டு, உப்பை மட்டும் சாப்பிட உட்காரும்போது போடுங்கள். முன்னாடியே போட்டால் நீர் விட்டுச் சவசவவென்று ஆகிவிடும்.

எங்கள் வீட்டில் அதிகம் செலவாவது துவரன்தான், தேங்காய் சேர்த்த பொரியல். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், ஒரு பல் பூண்டு, மஞ்சள், இவற்றை ஒன்றிரண்டாக அரைத்துக்கொண்டு, தேங்காயெண்ணெயில் கடுகு, வத்தல், கறிவேப்பிலை தாளித்து, முளைப்பயறைப் போட்டுக் கை அளவு தண்ணீர் தெளித்து மூடுங்கள். குக்கர் வேண்டாம், ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். அப்புறம் அரைத்த தேங்காயைச் சேர்த்து ஒரு கிளறு. சம்பா அரிசிக் கஞ்சிக்கு இதுவும் ஒரு சுட்ட பப்படமும் இருந்தால் மாமியார் வேறு எதுவும் கேட்க மாட்டார். முளைகட்டாத பயறு என்றால் குழைந்துவிடும், இது மணி மணியாக நிற்கும்.

மிஞ்சினால் கடைசியாக அலசி, நீரை முழுக்க வடித்து, துணியில் ஒற்றி எடுத்து, மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். ஈரத்தோடு வைத்தால் அதற்குள்ளேயே வழுக்கிவிடும். மழையில் அரை நாள் கரண்ட் போயிருந்தால் அந்த டப்பாவைப் பச்சையாகத் தின்ன எடுக்காதீர்கள். மோந்து பார்த்து, நன்றாக இருந்தால் வேகவைத்து அன்றே தீர்த்துவிடுங்கள், சந்தேகமாக இருந்தால் கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றன்றைக்கு ஒரு சிரட்டை அளவு மட்டும் போட்டுக்கொள்வது உத்தமம். தினமும் வேண்டும் என்றால் இரண்டு பாட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒன்று ஊறும்போது இன்னொன்று முளைத்துக்கொண்டிருக்கும்.

பாட்டில் காலியானதும் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீர் ஊற்றிக் கவிழ்த்து வையுங்கள். துணியைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வெயிலில் போடுங்கள். வெயில் இல்லாத மழை நாளில் நான் இஸ்திரிப் பெட்டியால் சூடாகத் தேய்த்துக் காயவைத்துவிடுவேன். ஊறவைத்து வடித்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு.